தொப்பிக்காரருக்கு இடது தோளில் வலி

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. என் இதய மருத்துவர் எழுதச் சொன்னார். மருந்துச் சீட்டில் நான்கு மாத்திரைகளுக்குக் கீழே, ஐந்தாவதாக, ‘கதை – ஒன்று – அடுத்த முறை வரும்போது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். என்னைவிடப் பதினைந்து வயது இளைய பெண். எதிர்த்துப் பேசினால் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் எடுத்துக்கொள்வார்.

நோய் வருமுன் காக்கும் பிரிவு என்று பலகை மாட்டிய அவருடைய அறைக்கு வெளியே பதினாறு நாற்காலிகள் இருக்கின்றன. அவற்றில் காத்திருப்பவர்கள் சுவரில் இருக்கும் இதயப் படத்தைப் பார்த்துப் பார்த்து, வந்ததைவிட அதிகமாகப் பயந்து உள்ளே நுழைகிறார்களாம். அவர்கள் படிக்க ஒரு கதை வேண்டும். யாரும் சாகக்கூடாது. அறிவுரை கூடாது, அதற்குத்தான் அவர் இருக்கிறார். எனக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுத வேண்டும்.

“எனக்கு என்ன டாக்டர் நடந்துச்சு? ஒண்ணுமே நடக்கலையே” என்றேன்.

“அதைத்தான் சார் எழுதச் சொல்றேன்.”

முப்பது வருடமாகக் கதை எழுதுகிறேன். ஏதாவது நடந்தால்தான் எனக்குப் பிழைப்பு. எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வது அவருக்குப் பிழைப்பு. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் கதை எப்படி நகரும் சொல்லுங்கள்?

2

தொடக்கம் ஒன்று: ‘அவன் மார்பைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் சரிந்தபோது, கையிலிருந்த பை உருண்டு—’

[டாக்டர், சிவப்பு மையில்: யார் இவன்? நீங்க சரியவே இல்லையே.]

தொடக்கம் இரண்டு: ‘மனித இதயம் ஒரு கைப்பிடி அளவே உள்ள—’

இதை நானே அடித்துவிட்டேன். அதுதான் சுவரில் படமாக இருக்கிறதே.

தொடக்கம் மூன்று: ‘எங்கள் வீட்டு ஆண்கள் ஐம்பத்தைந்து வயதைப் பார்த்ததில்லை.’

இது உண்மை. அப்பா ஐம்பத்து மூன்றில் போனார். பெரியப்பா ஐம்பத்து நான்கில். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு ஐம்பத்து மூன்று முடிந்த அன்று, என் மனைவி ஓர் உறையை நீட்டினாள். புதுப் பேனாவாக இருக்கும் என்று ஆசையாகப் பிரித்தேன். டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கிய சீட்டு இருந்தது.

“எனக்கு என்ன கேடு? நல்லாத்தானே இருக்கேன்” என்றேன்.

“நல்லா இருக்கறப்ப போனா திரும்பி நடந்து வரலாம். கிளம்புங்க.”

போகாவிட்டால் பேசமாட்டேன் என்றும் சொன்னாள். போனேன். [அவள் பேசாமல் இருந்திருந்தால் ஒரு நாவலே எழுதியிருப்பேன் என்று இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. என் முதல் வாசகி அடித்துவிட்டாள். முதல் வாசகி யார் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.]

3

ரத்தத்தில் கொழுப்பு கூடுதல், அழுத்தமும் கூடுதல். டாக்டர் மாத்திரை எழுதினார், உப்பைக் குறைத்தார், பொரித்ததை நிறுத்தினார். கடைசியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். தினமும் நாற்பது நிமிடம் நடக்க வேண்டும், நடந்ததை அதில் எழுத வேண்டும், உடம்பில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் அதையும் குறிக்க வேண்டும்.

“ரெண்டு வரி போதும் சார்” என்றார்.

இங்கே தவறு செய்தது டாக்டர்தான் என்பதைப் பதிவு செய்கிறேன். ஓர் எழுத்தாளனிடம் எண்பது பக்க வெற்று நோட்டைக் கொடுத்துவிட்டு ரெண்டு வரி போதும் என்றால் அவன் கை சும்மா இருக்குமா?

நான் நடக்கவில்லை. முதல் நாள், மனைவி வேலைக்குக் கிளம்பிய பிறகு, நடைக்கென்று வாங்கிய புது ஷூவைக் கையில் எடுத்தேன். லேசாகத் தூறியது. கீழே வைத்துவிட்டேன். ஆனால் நோட்டு திறந்தே இருந்தது. பூங்காவை மூன்று சுற்று சுற்றியதாக எழுதினேன். இரண்டாம் நாள் அதே மூன்று சுற்று எனக்கே அலுத்துவிட்டதால், பாதையில் ஒருவரை நடக்கவிட்டேன். நீலத் தொப்பி, தேய்ந்த தோல் செருப்பு, ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர். பழக்கதோஷம், பாதையில் வளைவு வந்தால் ‘பூம்’ என்று ஒலி கொடுத்துவிட்டுத்தான் திரும்புவார்.

அந்த ‘பூம்’ வந்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மூன்றாம் நாள் நாலு பக்கம். ஆறாம் நாள் அவருடைய மருமகளோடு சண்டை, ஒன்பதாம் நாள் சமாதானம். பன்னிரண்டாம் நாள் செருப்பில் கல் மாட்டிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார். நான் நாற்காலியை விட்டு எழாமலே தினமும் மூச்சு வாங்க அவரோடு நடந்தேன்.

பத்தொன்பதாம் நாள் பக்கத்தை அப்படியே தருகிறேன்:

‘ஏற்றத்தில் தொப்பிக்காரர் நின்றுவிட்டார். குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். கட்டிக்கொண்டே இருந்தார். என்ன ஆயிற்று என்றேன். இடது தோளில் யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி இருக்கு, நின்னா ரெண்டு நிமிஷத்துல போயிடும், வாயுவா இருக்கும் என்று சிரித்தார். அன்று வளைவில் அவர் ஒலி கொடுக்கவில்லை.’

அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன்.

4

முப்பது நாள் கழித்து நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்டர் நாலு பக்கம் புரட்டிவிட்டு சிஸ்டரைக் கூப்பிட்டு ‘பூம்’ பகுதியைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாதம் முழுக்க நடந்தும் எடை அரை கிலோ கூடியிருப்பதை டாக்டர் அதற்கப்புறம்தான் பார்த்தார். “நோட்டை வெச்சுட்டுப் போங்க, முழுசாப் படிச்சுடறேன்” என்றார். என் புத்தகங்களைக் கேட்டு வாங்கிப் படித்த மருத்துவர் யாரும் இதுவரை இல்லை. நான் மிதந்துகொண்டு வீடு போனேன்.

மறுநாள் காலை தொலைபேசி அடித்தது. மனைவிக்கு விடுமுறை, அவள்தான் எடுத்தாள். சிஸ்டரின் குரல் எனக்கே கேட்டது.

“உங்க வீட்டுக்காரர் கூட நடக்கறாரே, அந்தத் தொப்பிக்காரரை டாக்டர் இன்னிக்கே பாக்கணும்னாங்க. தோள்வலின்னு எழுதியிருக்கார். அவரை நடக்க விடாதீங்க, வண்டியில கூட்டிட்டு வாங்க.”

“எந்தத் தொப்பிக்காரர்?” என்றாள் என் மனைவி, என்னைப் பார்த்துக்கொண்டே.

5

(கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். அவள் குளித்துக் கிளம்புவதற்குள் எனக்குக் கிடைத்த இருபது நிமிடத்தில் மூன்று வழிகள் தோன்றின.

தொப்பிக்காரர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று சொல்லலாம். டாக்டர் மகளின் முகவரியைக் கேட்பார்.

என் புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் நண்பரைத் தொப்பி போட்டு அழைத்துப் போகலாம். போனில் கேட்டேன். உடனே சம்மதித்தார். “வளைவுல சத்தம் போடணுமா?” என்று மட்டும் கேட்டார்.

அவரைக் கொன்றுவிடலாம். எனக்கு இது கைவந்த கலை, எத்தனையோ பேரை ஒரு வரியில் அனுப்பியிருக்கிறேன். ஒரு தாளை எடுத்து, ‘தொப்பிக்காரர் நேற்று மாலை—’ என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. தாளைக் கிழித்துப் போட்டேன்.

“யாரும் வர வேண்டாம்” என்று மனைவி வாசலிலிருந்து சொன்னாள். “நான் வர்றேன்.” அவள் தோளில் ஒரு துணிப்பை தொங்கியது.)

6

உள்ளே போனதும் டாக்டர் எங்களைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

“அவர் எங்க?”

“யார் டாக்டர்?” என்றேன். எத்தனை வசனம் எழுதியும் நேரில் வாய் திறந்தால் எனக்கு இப்படித்தான் வருகிறது.

மனைவி பையைத் திறந்து என் புது ஷூ இரண்டையும் மேசைமேல் கவிழ்த்தாள். கடையில் ஒட்டிய அளவுச் சீட்டு அடிப்பாகத்தில் கசங்காமல் இருந்தது.

“இதைப் போட்டுக்கிட்டுத்தான் முப்பது நாள் நடந்தாராம்.”

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

“தொப்பிக்காரர்னு யாரும் கிடையாது டாக்டர்” என்றேன். “எல்லாம் நான் கற்பனை பண்ணினது. மன்னிச்சிருங்க.”

சிரிப்பார், இல்லாவிட்டால் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நோட்டைப் புரட்டினார்.

“ரெண்டாம் நாள், தோல் செருப்பு. பன்னெண்டாம் நாள், செருப்புல கல்லு. பத்தொன்பதாம் நாள் லேஸ் கட்டறார். செருப்புக்கு ஏது சார் லேஸ்?”

எந்த விமர்சகரும் என்னை இப்படிக் கையும் களவுமாகப் பிடித்ததில்லை. காது சுட்டது.

“அவசரத்துல கவனிக்கல. திருத்திடறேன்.”

“திருத்த வேண்டாம். அவர்கிட்ட இல்லாத லேஸ் யார்கிட்டேருந்து வந்துச்சு, அதைச் சொல்லுங்க.” டாக்டர் குனிந்து மேசைக்கடியில் பார்த்தார். நான் போட்டிருந்த பழைய கறுப்பு ஷூவில் லேஸ் இரட்டை முடிச்சோடு இறுகிக் கிடந்தது.

என் மனைவியும் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை.

“டாக்டர், எங்க வீடு மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ரெண்டு மாசமா இவருக்கு ரெண்டாவது மாடித் திருப்பத்துல லேஸ் அவுந்துடுது. ஒவ்வொரு தடவையும். ‘நீ போ, இதோ வர்றேன்’னு சொல்வார். நானும் முன்னால போய்க் கதவைத் திறந்து வெச்சுடுவேன்.” அவள் என் பக்கம் திரும்பினாள். “தினமுமா அவுழும்? எனக்கு ஏங்க தோணாமப் போச்சு?”

“இடது தோள்தானே சார்?” என்றார் டாக்டர், மெதுவாக.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பாவுக்கும் இடது தோள்தான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயந்தேன். எழுதினால் கதையாகிவிடும் அல்லவா, அதனால் இல்லாத ஒரு மனிதரைக் கூப்பிட்டு அவர் தோளில் ஏற்றிவிட்டேன்.

“ஆமா டாக்டர்” என்றேன்.

“தொப்பிக்காரரைப் பாக்கணும்னேன், பாத்துட்டேன். ஷூவைக் கழட்டிட்டு அந்தக் கட்டில்ல படுங்க. நானே லேஸ் அவுக்கட்டுமா?”

7

[டாக்டர், சிவப்பு மையில்: சோதனை விவரமெல்லாம் வேண்டாம். முடிவை மட்டும் சொல்லுங்க, பாவம் பயந்துடுவாங்க.]

சரி. ஒரு பெரிய ரத்தக் குழாயில் பாதிக்கு மேல் அடைப்பு. மாரடைப்பு வரவில்லை. வருவதற்குள் பிடித்துவிட்டார்கள். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. மாத்திரை மாறியது. சில வாரம் கழித்து மெதுவாக நடக்கலாம் என்றார்கள், பிறகு கொஞ்சம் வேகமாக. துணைக்கு யாராவது வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, கற்பனைத் துணை செல்லாது என்று சிஸ்டர் சேர்த்துக்கொண்டார். மனைவி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள். அளவுச் சீட்டு மூன்றாம் நாளே தேய்ந்து போனது.

இப்போது என் நோட்டில் உண்மையாகவே இரண்டே வரிதான் இருக்கும். ‘நாற்பது நிமிடம். ஒன்றும் இல்லை.’ நான் எழுதியதிலேயே மிகவும் சுமாரான வரிகள். என் மனைவிக்கு என் எழுத்தில் பிடித்தது அவைதான்.

போன வாரம் எனக்கு ஐம்பத்தைந்து முடிந்தது. காலையில் தூறிக்கொண்டிருந்தது, நாங்கள் போனோம். ஏற்றத்தை நிற்காமல் ஏறினேன். மேலே போய்த் தோளைத் தொட்டுப் பார்த்தேன். வெறும் தோள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வளைவு வந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ‘பூம்’ என்று ஒலி கொடுத்தேன். எதிரே வந்த ஒருவர் பயந்து ஒதுங்கினார்.

என் மனைவி இன்னும் பலமாகப் பதில் ஒலி கொடுத்தாள்.

8

இனி முடிவு. ஒரு முடிவில், நீலத் தொப்பி போட்ட ஒருவர் பூங்காவில் நிஜமாகவே எதிரே வருகிறார். [டாக்டர்: வந்தா கூட்டிட்டு வாங்க.] இன்னொரு முடிவில் நான் தொண்ணூறு வயதுவரை வாழ்ந்து எல்லோரையும் தொந்தரவு செய்கிறேன். [முதல் வாசகி: இது இருக்கட்டும்.] இரண்டும் எனக்குத் திருப்தியில்லை. என் கதை நடந்துகொண்டிருக்கிறது, முடிக்க எனக்கு விருப்பமும் இல்லை.

ஆனால் உங்களுக்கு ஒரு முடிவு தேவைப்படலாம். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியும். பதினாறு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறீர்கள், மடியில் டாக்டர் கொடுத்த நோட்டு இருக்கிறது. வேறெங்கோ உட்கார்ந்து படித்தாலும் பரவாயில்லை. உள்ளே போய் எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்திருப்பீர்கள். ‘எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு’ என்று தொடங்குவதாக உத்தேசம். அல்லது மச்சானுக்கு. அல்லது பக்கத்து வீட்டுக்காரருக்கு. எனக்குப் புரிகிறது, நானும் அவர்களை நன்றாக அறிவேன். அவர்களில் ஒருவர் தொப்பிகூடப் போட்டிருந்தார்.

உங்களுக்கு எந்த மாடியில் லேஸ் அவிழ்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. அறிவுரை கூடாது என்பது நிபந்தனை. சிஸ்டர் உங்கள் எண்ணைக் கூப்பிடுகிறார். இந்தத் தாளை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போங்கள், அடுத்தவர் படிக்கட்டும். கடைசி வாக்கியத்தைத் தொடங்கி மட்டும் வைக்கிறேன். மீதியை நீங்கள் உள்ளே போய்ச் சொல்லிவிடுங்கள்:

“டாக்டர், எனக்கு—