ஏழாவது முட்டை

பெரிய வியாழன் காலையில் எங்கள் காலிம்னோஸ் தீவில் எந்தப் பெண்ணிடமும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. ஈஸ்டர் முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றும் நாள் அது. வீட்டில் ஆளுக்கு ஒன்று. வேகும்போது யார் முட்டை விரிசல் விடுகிறதோ, அவருக்கு அந்த வருஷம் ஆகாது. ஈஸ்டர் முடிந்ததுமே ஆண்கள் கடலடியில் முங்கிக் கடல்பஞ்சு எடுக்கக் கப்பல் ஏறிவிடுவார்கள். போன வருஷம் என் நாத்தனார் செவஸ்தியின் புருஷனுடைய முட்டை விரிசல் விட்டது. ஆழத்திலிருந்து ஏறி வந்த மனுஷனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை.

அதனால் நான் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். முந்தின நாளே முட்டைகளை நிலவறையிலிருந்து வெளியே எடுத்து வைத்துக் குளிர்ச்சி போகவிட்டேன். பானை அடியில் துணி விரித்து, சாயம் கரைத்த குளிர்ந்த தண்ணீரில் போட்டு, சின்னத் தீயில் வைத்தேன். அவரவருக்கு வெவ்வேறு இலையை முட்டையில் ஒட்டி, பழைய காலுறைத் துண்டால் கட்டியிருந்தேன். என் புருஷன் சக்கெல்லாரிஸுக்குப் புதினா. அவிழ்த்தால்தான் யாருடையது என்று தெரியும்.

தண்ணீர் கொதிக்கும்போது செவஸ்தி கேட்டாள்: "ஏன்டி, ஆறுதான இருக்கு. உன்னோடது எங்க?"

மாதாவுக்கு ஒன்று, அவருக்கு, பிள்ளைகள் இருவருக்கு, செவஸ்திக்கு, அவள் புருஷனுக்கு. என்னை மறந்தே போயிருந்தேன். எல்லாருக்கும் வடித்துக் கொட்டுகிறவளுக்கு வேறென்ன கதி! நிலவறையிலிருந்து ஒரு முட்டையைக் கொண்டுவந்து, அவசரமாகக் கட்டி உள்ளே விட்டேன். அது பக்கத்து முட்டையில் போய் டக்கென்று இடித்தது.

கொஞ்ச நேரத்தில் சிவப்புத் தண்ணீரில் வெள்ளைக்கரு நூலாக மிதந்தது.

"மாதாவே! இடிபட்டது யாரோடதுடி?"

எனக்கு எப்படித் தெரியும்? அந்த நேரம் பார்த்து சக்கெல்லாரிஸ் உள்ளே வந்தார்.

"என்ன, எழவு வீடு மாதிரி நிக்கிறீங்க? முட்டைக்குப் பயந்தா நான் கடல்ல இறங்குனாப்லதான்."

"வாயக் கழுவுங்க!" என்று கத்தினேன்.

ஆறியதும் ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். மாதாவுடையது முழுசு. பிள்ளைகளுடையவை முழுசு. செவஸ்தியுடையதும் அவள் புருஷனுடையதும் முழுசு. ஆறாவதில் புதினாத் தடம். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன். கடைசி முட்டை மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது.

"அது யாரோடது?" என்றார்.

"என்னோடதுதான். விடுங்க."

அவர் முகம் வெளுத்தது. முட்டையை எடுத்து, பிளவைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டவைக்கப் பார்த்தார். அப்புறம் தொப்பியை எடுத்தார்.

"கேப்டன்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன். இந்த வருஷம் நான் போகல. உன்ன இப்படி விட்டுட்டு நாப்பது ஆள் ஆழத்துல எனக்கு மூச்சு ஓடாது."

குளிர்ந்த முட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெடிக்காமல் என்ன செய்யும்? செவஸ்தி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவர் படியிறங்கித் துறைமுகத் தெருவில் திரும்பும்வரை இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.