அவரவர் மூட்டை

நாகலூருக்குப் பக்கத்தில் இருக்கும் கமலவேணியின் எஸ்டேட்டில் மாலை நாலரை மணிக்கு எடை போடுவார்கள். காலையிலிருந்து காப்பிப் பழம் பறித்த பெண்கள் ஆளுக்கொரு சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளத்துக் காட்டிலிருந்து மேலேறி வருவார்கள். மேலே கொட்டகையில் தராசு தொங்கும். தராசுக்குப் பக்கத்தில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஐயாக்கண்ணு நோட்டோடு நிற்பார். அவருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கமலவேணி உட்கார்ந்திருப்பாள்.

எஸ்டேட் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மாமனார் விட்டுப்போன இருபத்தைந்து ஏக்கர்தான். அதை மேய்க்கிற பொறுப்பைக் கணவன் திருமூர்த்தி அவளிடமே விட்டிருந்தான். அவன் வாங்குகிறவர்களிடம் பேசுவான், சேலத்துக்கும் ஊருக்கும் காரில் போய் வருவான், நல்ல மனுஷன், அவ்வளவுதான். கமலவேணி சேலத்தில் பி.காம். படித்தவள். கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷமே ஒரு ரூல் போட்டாள். அவரவர் பறித்ததை அவரவர்தான் சுமந்து வந்து தராசில் வைக்க வேண்டும். வேறு யாராவது தூக்கி வந்தால் அந்தச் சாக்குக்கு எடை கிடையாது, கூலியும் கிடையாது. அதற்கு முன்பெல்லாம் கூட்டாகக் கொட்டி, பச்சைக் காயைக் கலந்துவிட்டு, யார் பறித்தது என்று கேட்டால் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். ரூல் வந்தபிறகு பச்சைக் காய் நின்றது. அக்கம்பக்கத்து எஸ்டேட்காரர்கள் வந்து கேட்டுப்போனார்கள். அவளுக்கும் தலைகால் புரியாத பெருமை.

அந்த வருஷம், இரண்டாயிரத்துப் பதின்மூன்று, தைப் பொங்கலுக்குப் பத்து நாள் முந்தி ஒரு மாலை. மாதம்மாள் மேலே வந்து சாக்கைத் தராசுக்கு அருகில் இறக்கிவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்து மூன்று வயசு. முதல் பிள்ளை, ஏழாம் மாசம். புடவைத் தலைப்பை இழுத்து முடிந்திருந்தும் வயிறு தெரிந்தது. மூச்சு அடங்கியபிறகு மெல்லக் கேட்டாள்.

"ஏனுங்கம்மா, மேடேறையில அடிவவுறு இழுத்துப் புடிக்குதுங்க. பழம் நானே பறிச்சுப் போடறனுங்க. சாக்க மட்டும் எங்கூட்டுக்காரரு தூக்கியாரட்டுங்களா?"

அவள் வீட்டுக்காரன் வேடியப்பன் அதே எஸ்டேட்டில் மரக்கிளை கழிக்கிறவன். கொஞ்சம் தள்ளி நின்று அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கமலவேணிக்கும் அப்போது ஐந்தாம் மாசம். முதுகுக்குத் தலையணை வைத்து, கையில் மாதுளம்பழச் சாற்றுடன் உட்கார்ந்திருந்தாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்தப் பழமொழியையும் பொய்யாக்கினாள் அந்தப் புண்ணியவதி.

"நானுந்தான் மாசமா இருக்கேன். நான் வேலை பாக்கலையா? ஒருத்திக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பீங்க. முடியலைன்னா வேலைக்கு வராத."

மாதம்மாள் "செரிங்க" என்றாள். வேடியப்பன் அரிவாளை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். வேலைக்கு வராவிட்டால் அடுப்பு எரியாது என்பது இருவருக்கும் தெரியும். அது கமலவேணிக்கும் தெரியாததல்ல.

பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் கணவனும் மனைவியும் பிரேசிலுக்குப் புறப்பட்டார்கள். குழந்தை பிறந்துவிட்டால் ஐந்து வருஷத்துக்கு எங்கும் நகர முடியாது, இப்போதே ஒரு பெரிய ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்பது திருமூர்த்தியின் ஆசை. காப்பி விளைகிற தேசம் என்று சின்ன வயசிலிருந்தே அந்தப் பெயர்மேல் அவனுக்கு ஒரு மயக்கம். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த மரியதாஸ் சாவோ பாவ்லோ நகரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையாக இருந்தான், வா வா என்று எட்டு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மாசமாக இருக்கிறவள் ஆற்றையே தாண்டக்கூடாது, இவள் கடலைத் தாண்டுகிறாளே என்று கமலவேணியின் அம்மா புலம்பினாள். டாக்டரம்மா போகலாம் என்று சொல்லிவிட்டதால் அந்தப் புலம்பலை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எடைக் கொட்டகையை ஐயாக்கண்ணுவிடம் ஒப்படைத்து, ரூல் ரூலாகவே இருக்கவேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் கமலவேணி காரில் ஏறினாள்.

சாவோ பாவ்லோ அவளைத் திணறடித்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் கட்டடம். சேர்வராயன் மலையைச் சப்பையாகத் தட்டி அதன்மேல் சேலத்தைப் போல இருபது ஊரை அடுக்கினால் எப்படியோ அப்படி. மதியத்துக்குமேல் மழை கொட்டியது, மழை விட்டால் வியர்த்தது. ஆனால் அவளை அதிசயிக்க வைத்தது கட்டடமல்ல. ரொட்டிக் கடை வரிசையில் கடைசியில் போய் நின்றால், முன்னால் இருப்பவர்கள் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு விலகி வழி விட்டார்கள். பஸ்ஸில் ஏறினால் தலை நரைத்த மனிதர்கூட எழுந்து இடம் கொடுத்தார். அருங்காட்சியகத்தில் டிக்கெட் கொடுக்கிறவள் தூரத்திலிருந்தே கையசைத்துக் கூப்பிட்டாள்.

இரண்டு நாளில் கமலவேணிக்கு நடையே மாறிவிட்டது. வரிசையைக் கண்டால் நேராக முன்னால் போய் நிற்கப் பழகினாள். நம்ம முகத்திலேயே ஒரு களை இருக்கிறதல்லவா, எஸ்டேட்காரி என்று பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது போலிருக்கிறது என்று திருமூர்த்தியிடம் சொன்னாள். அதைக் கேட்டு மரியதாஸ் சிரித்தான். களையுமில்லை, கத்திரிக்காயுமில்லை என்றான். வயிற்றுப் பிள்ளைக்காரி, வயசானவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள், இவர்களுக்கு முதலிடம் என்று இந்த ஊரில் சட்டமே இருக்கிறதாம். சீமாட்டி வந்தாலும் அதுதான், வீடு துடைக்கிறவள் வந்தாலும் அதுதான். கமலவேணிக்கு முகம் சற்றுச் சுருங்கியது. ஆனாலும் கிடைக்கிற மரியாதையை யார் வேண்டாமென்பார்கள்?

ஆறாம் நாள் காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போனார்கள். சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கக் காப்பித்தூள் பொட்டலம், பாட்டில் பாட்டிலாகப் பழப்பாகு என்று பை நிறைந்துவிட்டது. ரயில் நிலையத்துப் படிக்கட்டுக்குக் கீழே வந்ததும் மரியதாஸும் திருமூர்த்தியும் டிக்கெட் எடுக்க மேலே ஓடினார்கள். பையைத் தூக்காதே, திரும்பி வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று திருமூர்த்தி சொல்லிவிட்டுத்தான் போனான். அவள் கேட்கவில்லை. நாலு படி ஏறினாள். அடிவயிறு சுருக்கென்று இழுத்தது. பையை வைத்துவிட்டுக் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

படிக்கட்டைக் கூட்டிக்கொண்டிருந்த ஒருத்தி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். ஆரஞ்சு நிறச் சட்டை, கறுத்த முகம், இவளைவிடப் பெரிய வயிறு. பையைப் பார்த்தாள், தன் வயிற்றைப் பார்த்தாள், தூக்க முடியாது என்று தலையாட்டினாள். பிறகு மேலே ஏறிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்து அதட்டலாக ஒரு குரல் கொடுத்தாள். டை கட்டிய ஒரு ஆள் நின்று திரும்பினான். அவள் பையைக் காட்டினாள். அவ்வளவுதான், பையை எடுத்துக்கொண்டு போய் மேல்படியில் பத்திரமாக வைத்துவிட்டு, பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவன் தன் வேலையைப் பார்த்துப் போய்விட்டான். யாருடைய பை, நான் ஏன் தூக்கவேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பெண் கமலவேணியின் வயிற்றைக் காட்டி, எத்தனை என்று விரலால் கேட்டாள். கமலவேணி ஐந்து விரல் காட்டினாள். அவள் சிரித்துக்கொண்டே தன் வயிற்றைத் தொட்டு ஏழு விரல் காட்டினாள்.

ஏழு. தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிய மாதம்மாள் கண்முன் வந்து நின்றாள். அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது என்றுதானே அவளும் சொன்னாள்? இப்போது தன்னை நிறுத்தியதே, அந்த வலிதானே அது? கமலவேணிக்குக் காது சுட்டது. முன்பின் தெரியாத ஒரு கூட்டுகிறவள் தனக்காக ஊரையே அதட்டிக் கூப்பிட்டாள். தானோ, மாதம்மாளைக் கட்டினவனே தூக்கத் தயாராக நின்றபோது கூடாது என்றாள்.

மேலே போனதும் போனை வாங்கினாள். இங்கே மணி ஒன்பது, அங்கே எடை போடுகிற நேரம். மாதம்மாள் இனி சாக்குத் தூக்கவேண்டாம், வேடியப்பனே கொண்டுவரட்டும் என்று ஐயாக்கண்ணுவிடம் மளமளவென்று சொன்னாள்.

மறுமுனையில் ரைட்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். முந்தாநாள் சாயங்காலம் மாதம்மாள் சாக்கோடு மேடேறும்போது வழுக்கி உட்கார்ந்துவிட்டாளாம். வேடியப்பன் ஓடிவந்து சாக்கை வாங்கப் பார்த்தானாம். அம்மா சொல்லியிருக்கிறார்கள் என்று ரைட்டரே தடுத்தாராம். அவளே எழுந்து, சாக்கைத் தூக்கிக்கொண்டு தராசுவரை வந்து வைத்துவிட்டுப் படுத்தவள்தான். ஜீப்பில் போட்டுச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். குறைமாசத்தில் பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோதான் இருக்கிறதாம், கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம்.

அம்மாவுக்குக் கோபமாக்கும் என்று நினைத்து அந்த மனுஷர் சமாதானம் சொன்னார்.

"நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்கம்மா. ரூல்படிதானுங்க நடந்துது. சாக்க அவ பேர்லயே எடை போட்டுட்டனுங்க. இருவத்தெட்டுக் கிலோ."

திருமூர்த்தி என்ன என்ன என்று கேட்டான். அழுகைக்கு நடுவே சொன்னாள். அன்றைக்கே திரும்ப டிக்கெட் கிடைக்கவில்லை. மூன்று நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த மூன்று நாளும் ஊர் அவளுக்கு வழி விட்டுக்கொண்டேயிருந்தது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தவர்களைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உட்காரு உட்காரு என்று அவர்கள் கையால் சொல்லச் சொல்ல, உனக்கு இதற்கெல்லாம் என்ன யோக்கியதை என்று உள்ளே யாரோ கேட்பதுபோலிருந்தது. நடந்ததைக் கேட்ட திருமூர்த்தியும் தலையைத் தொங்கப்போட்டான். ரூல் போட்டது அவள்தான், ஆனால் நாலு பேரிடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தது அவனல்லவா?

சேலத்துக்கு வந்ததும் மலைக்கு ஏறாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குழந்தைகள் வார்டுக்கு வெளியே வராந்தாவில் பாய்மேல் மாதம்மாள் உட்கார்ந்திருந்தாள். வேடியப்பன் இவர்களைப் பார்த்ததும் எழுந்து, வணக்கம் சொல்லாமல் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டான். போகட்டும் என்று கமலவேணி நினைத்தாள். அவன் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். நூறு கிராம் ஏறியிருக்கிறது, இன்னும் இருபது நாள் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதாக மாதம்மாள் சொன்னாள். கமலவேணி அவளெதிரில் தரையில் உட்கார்ந்தாள். பிரேசிலில் நடந்த எல்லாவற்றையும் சொன்னாள். படிக்கட்டு, கூட்டுகிறவள், யாருடையது என்று கேட்காமல் பையைத் தூக்கிப்போன ஆள், எதையும் விடவில்லை. ரூலை எடுத்துவிட்டதாகவும், பிள்ளை தேறி அவள் வேலைக்குத் திரும்பும்வரை கூலி வீடு தேடி வரும் என்றும் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு செஞ்சதப் பாத்துத்தான் எனக்குப் புத்தி வந்துச்சு மாதம்மா. தப்பு எம்மேலதான். மன்னிச்சுரு."

மாதம்மாள் கோபப்படவில்லை. குரலும் உயரவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

"ஏனுங்கம்மா, இதத் தெரிஞ்சுக்க அத்தன கடலத் தாண்டோணுங்களா? நான் அன்னைக்கே உங்க மொகத்துக்கு நேரா நின்னு சொன்னனுங்களே. ரெண்டு பேரும் வவுத்துல சொமந்துக்கிட்டுத்தான் இருந்தோம். உங்க வவுத்துல இருக்கறது புள்ளைன்னு தெரிஞ்சுதுங்க. என் வவுத்துல இருக்கறதும் புள்ளைன்னு தெரியலைங்க. கூலி குடுங்க, வேண்டாங்கலை. ஆனா இனிமேலு மாசமா இருக்கறவ எவ வந்து நின்னாலும், அவ யாரு, எந்த ஊட்டுக்காரின்னு பாக்காதீங்க. அவ சொமக்கறதே நொம்பப் பாரமுங்க. அதும்மேல நாம எதையும் ஏத்தி வெக்கக் கூடாதுங்க."

உள்ளேயிருந்து நர்ஸ், குழந்தைக்குப் பால் எடுத்துக் கொடுக்க மாதம்மாளைக் கூப்பிட்டாள். மாதம்மாள் எழ முயன்றாள். கமலவேணி அவசரமாக எழுந்து கையை நீட்டினாள்.

மாதம்மாள் சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனாள்.