சபிஹா எழுப்ப மறுத்த காலை

அலறிக்கொண்டிருந்த செல்போனை அணைத்துவிட்டு, புருஷனின் தோளைப் பிடித்து உலுக்கினாள் சபிஹா.

"என்னங்க, எந்திரிங்க. வாக்கிங் போகணும்னீங்கள்ல?"

"ச்சீ, போடி அங்கிட்டு!" போர்வையை இழுத்து மூடிக்கொண்டான் அக்மல்.

ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, இனிமேல் கட்டுப்பாடாக வாழப்போவதாக அவன் அறிவித்த நாளிலிருந்து இந்தக் கூத்துதான். புது ஷூ வந்தது. காலையில் இட்லி வேண்டாம், கம்பங்கூழ் போதும் என்றான். சபிஹா கம்பை ஊறவைத்து, அரைத்து, காய்ச்சி வைத்தாள். அவன் பேகம்பூர் முக்கில் புரோட்டாவைத் தின்றுவிட்டுச் செருப்புக்கடையைத் திறக்கப் போனான். கூழை அவள்தான் குடித்துத் தீர்த்தாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வெயில் ஏறியபிறகு எழுந்து உட்கார்ந்து, "நீ ஒழுங்கா எழுப்பியிருந்தா எந்திரிச்சிருப்பேன்ல" என்று தினமும் அவள்மேல் பழியைப் போடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனுடைய கூட்டாளி இஷாக் விருந்துக்கு வந்திருந்தான். பிரியாணியை மறுபடி வாங்கிப் போட்டுக்கொண்டே அக்மல் சொன்னான்: "நான் மாறணும்னுதான் பாக்குறேன் மாப்ள. வீட்ல ஒத்துழைப்பு இல்லையே. இவ சரியா இருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்."

தாளிச்சா ஊற்ற வந்த சபிஹா பாத்திரத்தை நங்கென்று தரையில் வைத்தாள்.

"யாரு சரியில்ல? பஜ்ரு தொழுகைக்கு எந்திரிச்சு, உங்கம்மாவுக்கு வெந்நி வச்சு, புள்ளைகளக் கிளப்பி, உங்களையும் எழுப்பி ஏச்சு வாங்குறேன். கல்யாணமான நாள்லருந்து ஒருநாள் தவறியிருக்கேனா? அதுக்கு எவன் வீடியோ போட்டான்? நாளைக்கு நான் உங்கள எழுப்புனா என்னன்னு கேளுங்க!"

"விருந்தாளி முன்னாடி என்ன பேச்சு இது?" என்று அதட்டினாள் மாமியார் ரம்ஜான் பீவி. சபிஹா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் தொழுதுவிட்டு எழுந்தபோது, அவனோடு மல்லுக்கட்டும் அந்த நேரம் சும்மா கிடந்தது. கோபம் மட்டும் அப்படியே நின்றது. ஆணியில் ஸ்கூட்டர் சாவி தொங்கியது. 'கத்துக்கிட்டு என்ன செய்யப் போற?' என்று அவன் எத்தனையோ முறை சிரித்த வண்டி. சாவியை எடுத்தாள்.

அடுத்த தெரு செபாஸ்தியம்மாள் மொபெட்டில் வீடு வீடாகப் பூக்கொடுப்பவள். அவள்தான் பள்ளிக்கூட மைதானத்தில் பின்னால் உட்கார்ந்து ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். முதல் நாளே சபிஹா விழுந்தாள். முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது.

முழங்கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்து அக்மல் சிரித்தான். "நாலு நாளு. அம்புட்டுத்தான். அப்புறம் விட்ருவ."

"எல்லாரும் உங்கள மாதிரியா?"

அந்தச் சிரிப்பை நினைத்தே மறுநாள் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். ஒருநாள் தூறல் விழுந்தது. உடம்பெல்லாம் வலி. தொழுதுவிட்டு மறுபடி பாயில் படுத்தபடி கோபத்தைத் தேடிப் பார்த்தாள், வரவில்லை. இன்றைக்குப் போகாவிட்டால் கேட்க நாதியில்லை. கண் சொருகியது. "ஏன், நீயும் கதை சொல்லப் போறியா?" என்று தன்னையே வைதுகொண்டு எழுந்தாள். நனைந்த மைதானத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாக, செபாஸ்தியம்மாள் பின்னால் இல்லாமல் வட்டம் அடித்தாள்.

அடுத்த வாரம் சாவியைக் காணவில்லை. அக்மல் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு குறட்டை விட்டான். எழுப்பமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். சாவிக்காகவும் எழுப்பவில்லை. புர்காவை மாட்டிக்கொண்டு விறுவிறுவென நடந்தாள். மலைக்கோட்டை அடிவாரம்வரை போய்த் திரும்பினாள். அதற்குள் வீடு விழித்திருந்தது; அடுப்பு எரியவில்லை.

"எங்கடி போன? தெருவே சிரிக்குது. விடியக்காலைல பொம்பள வண்டி உருட்டுறாளாம்," என்று பாய்ந்தான் அக்மல்.

"சாவியத்தான எடுத்தீங்க. கால எடுக்கலையே."

அவன் கை ஓங்கினான். சபிஹா நகரவில்லை. அவன் கண்ணையே பார்த்தபடி நின்றாள்.

"கைய இறக்குடா!" உள்ளேயிருந்து ரம்ஜான் பீவியின் குரல் வெடித்தது. வாசல்படிக்கே வந்துவிட்டாள். "உனக்கு ஒண்ணத் தொடங்குனா முடிக்கத் தெரியல. முடிக்கிறவளையும் புடிச்சு இழுக்குறியா? சாவியக் குடு." பிறகு மருமகள் பக்கம் திரும்பி, "நீயும் ரொம்ப ஆடாத. உலைய வச்சிட்டுப் போயிருக்கலாம்ல?" என்றாள்.

சாவி தரையில் வந்து விழுந்தது. சபிஹா குனிந்து எடுத்தாள். மன்னிப்பு கேட்பான் என்று எதிர்பார்க்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

லைசென்ஸ் கைக்கு வந்தபின் ஒரு விடியலில், எரியோடு ஊரில் கட்டிக்கொடுத்திருக்கும் தங்கை ஷாஹினா வீட்டுக்குக் கிளம்பினாள். தக்காளி ஏற்றிய வேன்கள் எதிரே வர, ஓரமாக, நிதானமாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

கதவைத் திறந்த ஷாஹினா தெருவை எட்டிப் பார்த்தாள். "யாருக்கா கொண்டாந்து விட்டது?"

"யாரும் இல்ல. நாந்தான் ஓட்டிட்டு வந்தேன்."

"மச்சான் ஒண்ணும் சொல்லலையா?"

"தூங்குறாரு." சொல்லும்போதே மறுபடியும் சுர்ரென்று ஏறியது சபிஹாவுக்கு. வண்டியை நிழலில் ஏற்றி நிறுத்தினாள். "டீயப் போடு. செத்த நேரம் உக்காந்துட்டுக் கிளம்புறேன்."