வல்லூறு, கீச்சான், வலையில் ஓர் ஓட்டை

1
இந்தக் கதை என் தலையில் உதிக்கவில்லை. கல்லூரி மலரின் ஆசிரியன் ஜெவாத் என் தலையில் கட்டியது. "வல்லூறையும் ஒரு சின்னப் பாட்டுப் பறவையையும் ஒப்பிட்டு ரெண்டு பக்கம். பெருசு வீரம், சின்னது பாவம். அவ்வளவுதான்டா" என்றான். கருங்கடலோரத்து மலைக்காரன் நான். எங்கள் டீக்கடையில் வலைவைத்து ஒரு வல்லூறாவது பிடித்துக் காட்டாதவனுக்கு ஆடாத நாற்காலி கிடைக்காது. சுலபம் என்று நினைத்தேன்.

2
வானத்தின் அரசனான வல்லூறு தன் கம்பீரச் சிறகை

(நிறுத்திவிட்டேன். எங்கள் அரசன் புறா அளவுதான்.)

சரி, இப்படி: பிள்ளைப்பூச்சியைக் காட்டிக் கீச்சான் என்ற சின்னப் பாட்டுப் பறவையைப் பிடிக்கிறோம். கீச்சானைக் குச்சியில் கட்டி, வலைக்குப் பின்னால் ஆட்டி வல்லூறைப் பிடிக்கிறோம். வல்லூறை ஏவிக் காடையைப் பிடிக்கிறோம். (இதில் யார் வீரன் என்று ஜெவாத்தைக் கேட்டேன். இரண்டு பக்கம் என்று ஞாபகப்படுத்தினான்.)

3
நாயகன் என் மாமா ரெஃபிக். மூன்று வருடமாக அவருக்கு வல்லூறு சிக்கவில்லை. அத்தையின் அண்ணன் ஹாலித் டீக்கடையில் தினமும் விசாரிக்கிறார்: "என்ன மச்சான், இந்த வருஷமும் கொசுதானா?"

கீச்சானுக்கு இங்கே யாரும் பெயர் வைப்பதில்லை. பருவம் முடிந்ததும் பறக்கவிடும் உருப்படி அது. மாமா வைத்தார். நஸ்மியே.

நேற்று வலைக்குப் பின்னால் மாமா ஒளிந்திருக்கும் குடிசைக்குள் நானும் இருந்தேன். கருத்த முதுகு, மஞ்சள் கண், ஊரே வயிறெரியும்படியான வல்லூறு நேராக இறங்கியது. மாமா குச்சியை ஆட்டவில்லை. நஸ்மியேயைப் பிடித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். வல்லூறு வலைக்கு ஒரு முழம் முன்பே திரும்பிவிட்டது.

நஸ்மியே அவர் விரலை ரத்தம் வரக் கடித்தது. ('பாவம்' என்ற சொல்லை இனி எங்கே வைப்பது, ஜெவாத்?)

4
முதல் முடிவு: நடந்தது நடந்தபடி. ஆனால் கல்லூரி மலர் டீக்கடைக்கும் வருகிறது. மாமா அப்புறம் நின்றுகொண்டேதான் டீ குடிக்க வேண்டும்.

இரண்டாவது முடிவு மாமாவுடையது.

"வலை கிழிஞ்சிருந்துச்சு, அது வழியாப் போயிடுச்சுன்னு எழுதுடா. ஹாலித்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

"வலை நல்லாத்தானே இருக்கு மாமா?"

கத்தரியை என் பக்கம் தள்ளினார். "அதான் உன்னைக் கூப்பிட்டேன். எனக்கு விரல்ல கட்டு."

5
கத்தரி என் கையில். வலையைச் சோதிக்க ஹாலித் மேடேறி வருகிறார், இருமல் கேட்கிறது. வலையை வெட்டினால் மூன்றாம் பகுதியையும் வெட்டியாக வேண்டும். வெட்டிவிடுவேன், அதில் எனக்கு வருத்தமில்லை. எரிச்சல் என்னவென்றால், நீங்கள் அதைப் படித்துத் தொலைத்துவிட்டீர்கள்.

என்னை ஹாலித் நம்பமாட்டார். உங்களைத்தான் கேட்பார்.

வலையில் ஓட்டை இருந்ததா?