கணக்கெடுக்க வந்தவளுக்கு விருந்து

ஐ.நா. சபையின் ஆய்வுக்காரி எங்கள் வீட்டைப் பார்க்க வரப்போகிறாள் என்று தெரிந்ததும், என் புருஷன் வஜ்தி முதல் வேலையாகப் பக்கத்து வீட்டு மின்விசிறியை இரவல் வாங்கி வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வருவதே வீட்டில் என்ன இல்லை என்று பார்க்கத்தான். இவரானால் இல்லாததையெல்லாம் தெருத்தெருவாகப் போய்ச் சேகரிக்கிறார்!

வஜ்திக்கு பஸ்ரா எண்ணெய்த் துறைமுகத்தில் வேலை. கப்பலுக்குக் குழாய் மாட்டுவார். எண்ணெய் போகும், காசு எங்கள் நாட்டுக்கு வராது. எங்கள் நாட்டின் மேல் வர்த்தகத் தடை போட்ட ஐ.நா. மகராசன்கள் பார்த்து அனுமதித்தால் பதிலுக்கு மாவு, அரிசி, சீனி வரும். கைக்குழந்தைகளுக்குப் பால்மாவும் வரவேண்டும். போன மாதமும் வரவில்லை, இந்த மாதமும் வரவில்லை. எங்கோ ஒரு கையெழுத்துக்காக நிற்கிறதாம். என் மகள் ரஃபலுக்கு இன்னும் தலை நிற்கவில்லை. எனக்குப் பால் வற்றிவிட்டது. கஞ்சித் தண்ணீர் கொடுத்தால் வயிற்றால் போகிறது. ஆய்வுக்காரி எழுதினால் பால்மா நகரும் என்றார்கள். அவளைத்தான் மலைபோல் நம்பியிருந்தேன்.

"வெறும் டீயக் குடுத்து உக்கார வைங்க. ரஃபலத் தூக்கிக் காட்டுறேன், போதும்" என்றேன்.

"பிச்சைக்காரி மாதிரி புள்ளையக் காட்டப் போறியா? வீடு தேடி வர்றவங்க முன்னாடி மானத்த வாங்காத, நிதால்."

"அந்த மானத்தக் கரைச்சு பாட்டில்ல ஊத்துங்க. ரஃபல் குடிக்கிறாளான்னு பாப்போம்."

அவர் போய் மின்விசிறியைத் துடைத்தார். குழந்தை அழுது விருந்தாளிக்குச் சங்கடம் வரக்கூடாது என்று, நான் அடுப்படியில் இருந்தபோது ரஃபலை எதிர்வீட்டு உம்மு லைத்திடம் கொடுத்துவிட்டார். தெருவே அவர் கட்சிதான். ஒருத்தி சோறு அனுப்பினாள், ஒருத்தி சுட்ட மீன் அனுப்பினாள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றன.

ஆய்வுக்காரி வந்தாள். வெயிலில் சிவந்த நல்ல முகம். கூட மொழிபெயர்க்க ஒரு பையன், தடை நீங்க வேண்டுமென்று வீடு வீடாகக் கஷ்டத்தைக் காட்டச் சொல்லும் எங்கள் அரசாங்க அதிகாரி ஒருவர். வஜ்தி அவள் டீயில் சீனியைக் கொட்டினார், பாதி கரையாமல் அடியில் தங்கியது. அதிகாரி அவர் காதருகே பல்லைக் கடித்தார்.

"காலி டப்பாவக் காட்டுன்னுதானேய்யா சொன்னேன்? கல்யாணப் பந்தி போட்டு வச்சிருக்க!"

ரேஷன் போதுமா என்று அவள் கேட்டாள். வஜ்தி நெஞ்சில் கை வைத்தார். "அல்லாஹ் புண்ணியத்துல ஒரு குறையும் இல்ல. மீன எடுத்துக்கச் சொல்லுங்க தம்பி."

எங்கள் ஊரில் விருந்தாளி கேட்டால் சாகக் கிடக்கிறவன்கூட இப்படித்தான் சொல்வான். அது அவளுக்கு எப்படித் தெரியும்? எழுதிக்கொண்டாள்.

"பொய்!" என்று எழுந்தேன். "இது அத்தனையும் இரவல் சோறு. பால்மா வரல. என் புள்ள காயுது. எழுதச் சொல்லு."

பையன் அப்படியே சொன்னான் என்றுதான் நினைக்கிறேன். அவள் பேனாவை எடுக்கவும் செய்தாள். அந்த நேரம் பார்த்து அதிகாரி குதித்துக்கொண்டு வந்தார்.

"ஆமா, ஆமா! அதத்தான் எழுதணும்! நல்லாச் சொன்னம்மா!"

அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள். பேனாவை மூடிவிட்டாள். இந்த அதிகாரி கூட வரும் வீடுகளில் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்களாம். பையன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அதிகாரிதான் எனக்குச் சொல்லிக்கொடுத்துப் பேச வைத்ததாக நினைத்துவிட்டாள், பாவி.

"இருக்கச் சொல்லுங்க, புள்ளையக் கொண்டாறேன்!" என்று எதிர்வீட்டுக்கு ஓடினேன். உம்மு லைத் மடியிலிருந்து ரஃபலைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. காலில் செருப்பில்லை. தெரு முனையில் ஒரு கழுதை வண்டி குறுக்கே வர, அவர்கள் நின்றார்கள். போய்ப் பிடித்துவிட்டேன். கண்ணாடி ஏற்றியிருந்தது. ரஃபலின் சட்டையைத் தூக்கி, விலா எலும்பு தெரிய, அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். வஜ்தி பின்னால் ஓடிவந்து, "விடு நிதால், விடு" என்று சட்டையை இழுத்து இழுத்து மூடினார்.

வழியனுப்பத்தான் குழந்தையைக் கொண்டுவந்தேன் என்று நினைத்தாளோ என்னவோ, உள்ளேயிருந்து அவள் சிரித்தாள். விரல்களை மடக்கி மடக்கி, குழந்தைக்கு டாட்டா காட்டினாள்.