இடக்கைக்கு ஒரு பரிசு வாள்

தன் வாள் பட்டறைக்கு வந்தவரிடம் கை குலுக்க ஜேபஸ் டோலி வலக்கையை நீட்டிவிட்டான். லெப்டினன்ட் நதானியேல் கோரியின் வலது சட்டைக்கையோ, உள்ளே கையில்லாமல் மடித்து ஊசி குத்தியிருந்தது. நீட்டிய கையால் ஜேபஸ் தலையைச் சொறிந்துகொண்டான்.

பிரெஞ்சுக் கப்பலை மடக்கிப் பிடித்ததற்காக, கோரிக்கு அவருடைய சொந்த ஊரான பிடஃபோர்டு விழா எடுத்துத் தரப்போகும் வாள் அந்த லண்டன் பட்டறையில் தயாராக இருந்தது. நீலம் ஏற்றிய அலகில் பொன்னெழுத்தில் அவர் பெயர். வளைந்த உறையின் ஒரு பக்கம் கிரேக்க வீரன் ஹெர்குலிஸ் பாம்பை நெரிக்கிறான், அலைமேல் கப்பல் ஏறுகிறது, எல்லாம் ஜேபஸ் ஒரு மாதம் தகட்டில் தட்டியெடுத்தவை. மறுபக்கம் வெறும் மொட்டை. இடது இடுப்பில் தொங்கும் வாளின் உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

வழக்கம்போல் இடது இடுப்பில் மாட்டினான். கோரி இடக்கையால் உருவினார். மணிக்கட்டு மடங்கிக்கொள்ள, வாள் பாதியில் நின்றது. வலப்பக்கம் மாற்றியதும் சுலபமாக வந்தது. ஆனால் சிங்காரமெல்லாம் உள்ளே போய், மொட்டைப் பக்கம் வெளியே தெரிந்தது.

"மரியாதையெல்லாம் என் தொடைக்குத்தான் போல," என்று கோரி சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஊரே பாக்க உருவி ஒரு சலாம் வைக்கணும்னு ஆசைப்பட்டேன். விடுங்க மேஸ்திரி, செவுத்துல மாட்டிக்கிறேன்."

அவர் படியிறங்கிப் போகும்வரை, மூலையில் பொன்முலாமுக்கு மெருகு தேய்த்துக்கொண்டிருந்த ஹெஸ்டர் அந்த மொட்டைப் பக்கத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஜேபஸின் மனைவி. பிறவியிலேயே இடக்கைக்காரி, அதற்காகப் பள்ளியில் வாங்கிய அடி கொஞ்சமில்லை.

"அந்தப் பக்கமும் தகடு வச்சிடு," என்றாள்.

"வளைஞ்ச உறைடீ. இந்தப் பக்கத்துத் தகடு அங்க உக்காராது. எல்லாம் புதுசா அடிக்கணும். விழாவுக்கு மூணு வாரம்கூட இல்ல. பைத்தியமா உனக்கு?"

"பைத்தியந்தான்."

எழுந்துபோய்த் தையல் பெட்டியிலிருந்து கத்திரிக்கோலை எடுத்துவந்து அவன் மேசையில் வைத்தாள். பத்தொன்பது வருடத்துக்கு முன், அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்பதற்குத் தைரியம் வராமல், அவளுக்காக அவனே அலகை மாற்றிப்போட்டுச் செய்த இடக்கைக் கத்திரிக்கோல். அதுவரை கடையில் வாங்கியது எதுவும் அவள் கைக்குப் படியவில்லை.

ஜேபஸ் அதை எடுத்து ஒருமுறை திறந்து மூடினான்.

"இதையெல்லாம் இப்ப எதுக்கு எடுக்கிற," என்று முணுமுணுத்தபடி சுத்தியலை எடுத்தான்.

பதினாறு நாள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. பாம்பு இந்த முறை எதிர்த்திசையில் சுருண்டது. கப்பல் மேற்கே போகாமல் கிழக்கே போனது. அவன் அடித்து முலாம் போட்டுத் தரத்தர அவள் மெருகேற்றினாள்.

பதினேழாம் நாள் காலை கோரி வாளை வாங்கிப்போக வந்தார். வலது இடுப்பில் தொங்கிய உறையில் ஹெர்குலிஸ் ஜன்னல் வெளிச்சத்தில் மின்னினான். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. ஒரே இழுப்பில் வாளை உருவி, முகத்துக்கு நேரே நிறுத்தி, ஹெஸ்டருக்கு முதல் சலாம் வைத்தார்.

"யோசனை இவங்களோடதுதானே? மொட்டைப் பக்கத்தை அன்னிக்கு என்னைவிட அதிகமா மொறைச்சது இவங்கதான்."

ஹெஸ்டர் இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஜேபஸ் இடக்கையை நீட்டினான். கோரிக்கு இருந்த ஒரே கையில் வாள் இருந்ததால், அவர் அதை உறையில் போடும்வரை நீட்டியபடியே காத்திருந்தான்.