அவள் பெயரில் நுழைந்தவன்

எழுந்ததும் கோபால்சாமி பம்பில் இரண்டு குடம் தண்ணீர் அடித்தான். பால் காய்ச்சினான். இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகும் சட்டையைத் தேய்த்தான். ஒரு கை முடிந்து மறு கையை விரித்தபோது பக்கத்து வீட்டுச் செல்லம்மா வந்து பெட்டியை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"சட்ட வாணாம் வாத்யாரே. உங்க மச்சான் வந்துட்டாரு. வெளிய வாங்க."

கூடத்தில் பெஞ்சின் மேல் அவன் மனைவி ரஞ்சிதத்தின் உடல் கிடந்தது. மஞ்சள் காமாலை. போளூர் ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று மாலை மலைக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

அவள் அண்ணன் சின்னக்குழந்தை படவேட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தான். படி ஏறவில்லை. புளியமரத்தடியில் பையைப் பிடித்தபடி நின்றான். பைக்குள் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை. அதைப் போர்த்தாமல் பாடை கிளம்பாது.

"உள்ள வாங்க மச்சான்."

"எடுத்துனு வாங்க மாப்ள. நான் சுடுகாட்டுக்கு வர்றேன்."

"கோடி?"

"தங்கச்சி ஆபீசுல பூட்ட ஒடைச்சிட்டாள்னு ஊரே பேசுது. சொசைட்டில ஒருத்தன் என்னயப் பாத்ததும் கல்லாவ இழுத்து மூடறான். வெளையாட்டுக்குத்தான் மூடறான். ஆனா மூடறான் மாப்ள."

பூட்டு எதுவும் உடையவில்லை. மலைமேல் வானிலை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டர் இருந்தது. அதில் எலெக்ட்ரானிக் தபால் அனுப்பும் புரோகிராமுக்கு எந்தக் கோப்பிலும் எழுதும் உரிமை இருந்தது. அதை ஏமாற்றி பாஸ்வேர்ட் கோப்பிலேயே ஒரு வரி எழுத வைக்கலாம். எழுதியவன் பிறகு யார் பெயரில் வேண்டுமானாலும் நுழையலாம். அங்கே வேலை பார்த்த ரஞ்சிதம்தான் இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தாள். அதிகாரி பஞ்சாட்சரத்திடம் செய்தும் காட்டினாள். வெளியே சொல்லாதே என்றார். அடுத்த மாதம் மழைக் கணக்குகள் அழிந்தபோது, நுழைந்திருந்தது அவள் பெயர். வழி தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நிலையத்தில் அதை உடைப்பு என்றார்கள். மலை இறங்குவதற்குள் அது பூட்டாகிவிட்டது.

வெயில் ஏறியது. மேளக்காரர்கள் தோலைக் காய்ச்சி மறுபடி அடித்தார்கள். யாரோ, "எவ்ளோ நேரம்பா வெச்சினு இருப்பீங்க?" என்றார்.

நிலையத்து ஜீப் வந்து நின்றது. பஞ்சாட்சரம் மாலை போட்டுவிட்டுக் கோபால்சாமியைத் தனியே அழைத்தார்.

"கோபால், இந்த நேரத்துல கேக்கக் கூடாது. இன்னிக்குக் காலையில உங்க மனைவி பேர்ல யாரோ கம்ப்யூட்டருக்குள்ள வந்திருக்காங்க."

"அவ இங்கதான் இருக்கா சார்."

பஞ்சாட்சரம் கூடத்தைப் பார்க்கவில்லை.

"டெலிபோன் லைன் வழியா வர்றான். கம்பியப் புடுங்கி வெச்சிருக்கேன். மாட்டாம பெங்களூர் ஆபீசுக்கு மழைக் கணக்கு போகாது. மாட்டினா மிச்சத்தையும் அழிச்சிடுவான். ஓட்டைய எப்படி அடைக்கறதுன்னு உங்ககிட்ட சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னா."

"சொல்லுங்க."

"நீங்க மொதல்ல சொல்லுங்க. அவ பண்ணலன்னு. எங்க மச்சான் கிட்ட."

"மேல எழுதறேன். கண்டிப்பா எழுதறேன்."

"இங்க. சத்தமா."

செல்லம்மா, "செத்தவ ஆபீசுக்குப் போனாளாமா? உசுரோட இருந்தப்ப வாணாம்னு தொரத்துனாங்க" என்றாள். சிரிக்கப் பார்த்த ஒருத்தி வாயை மூடிக்கொண்டாள். கோபால்சாமி கையைக் காட்டினான். மேளம் நின்றது.

பஞ்சாட்சரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜீப்பைப் பார்த்தார். பிறகு புளியமரத்தடிக்குப் போனார்.

"அவங்க ஒண்ணும் பண்ணலீங்க" என்றார். படியில் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். "உங்க தங்கச்சி எதையும் ஒடைக்கல, எதையும் எடுக்கல. வேற எவனோ அவங்க பேர்ல பூந்துட்டான். அவங்க முன்னாடியே சொன்னாங்க. நான்தான் கேக்கல."

சின்னக்குழந்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பையிலிருந்து கோடியை எடுத்தான். படியேறினான். போர்த்தும்போது கடைக்காரன் ஒட்டிய சீட்டு ஓரத்தில் இருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தான்.

கோபால்சாமி பஞ்சாட்சரத்திடம் போனான்.

"தபால் ஃபைலெல்லாம் இருக்கற டைரக்டரிக்குள்ள யார் வேணா எழுதலாம்னு இருக்குது. அத மூடுங்க. பாஸ்வேர்ட் ஃபைல்ல புதுசா ஒரு வரி இருக்கும். அத எடுத்துட்டு எல்லா பாஸ்வேர்டையும் மாத்துங்க. அப்புறம் கம்பிய மாட்டலாம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

பஞ்சாட்சரம் கும்பிட்டார். ஜீப் போனது. பாடையைத் தூக்கினார்கள். ஓடைப் பாதையில் சின்னக்குழந்தை பக்கத்தில் வந்தான்.

"மாப்ள, கடைசியா எதுனா சொன்னாளா?"

"தண்ணி கேட்டா."

தண்ணீர் நேற்று மத்தியானமே, ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தாள். அதற்கப்புறம் அவன் விரலைப் பிடித்துக்கொண்டு, அடைக்கும் வழியை மெதுவாகச் சொன்னாள். திருப்பிச் சொல்ல வைத்துச் சரிபார்த்தாள். பிறகு சொன்னாள்:

"நீங்களே போய் சார்கிட்ட சொல்லிட்டு வந்துடுங்க. கேக்க அவருக்குக் கூச்சமா இருக்கும்."